பேரிங் கத்தினால் காது கொடுங்கள்!
(தொழில் செய்யும் குழுக்களுக்கான பாடம்)



சேமிப்பு, உள்கடன், தீர்மானப் புத்தகம் என்று இந்தப் பக்கத்தில் நிறைய பேசியாச்சு. இந்த முறை ஒரு சின்ன இரும்பு வளையத்தைப் பற்றிப் பேசுவோம். மாவு மில், தீவனம் அரைக்கும் மிஷின் வைத்திருக்கும் குழுக்கள் கட்டாயம் படிக்கணும்.

நம் குழு ஒன்றின் மாவு மில்லில் சில வாரமாக "கரகர"வென்று சத்தம். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்க்கா, பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். அந்த வாரம் நானும் அங்கே போனேன். சத்தம் என் காதிலும் விழுந்தது. ஆனால் கணக்கு நோட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பொங்கலுக்கு முன்பே பேரிங் இறுகி, ஷாஃப்ட் தேய்ந்து, பெல்ட் கருகி மில் நின்றுவிட்டது. ராகி, கம்பு அரைக்க வந்தவர்கள் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை. ஒரு பேரிங்கோடு போயிருக்க வேண்டிய செலவு, லேத் வேலை, புது பெல்ட், இழந்த வருமானம் என்று பல மடங்கானது. அந்தச் சத்தத்தை நானும் கண்டுகொள்ளாமல் வந்ததால்தான் இந்தப் பாடம்.

பேரிங் என்ன வேலை செய்கிறது?

உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் எஃகு குண்டுகள். ஷாஃப்ட் சுற்றும்போது உரசாமல் உருள வைப்பது இந்தக் குண்டுகள்தான். மாவுத்தூசி உள்ளே போனால், கிரீஸ் காய்ந்தால், பெல்ட்டை மிஞ்சி இறுக்கினால் குண்டு ஓடும் பாதை குழி விழும். மரம் அறுக்கும் பேண்ட் சா மிஷினிலும் இதே கதைதான். அங்கே மாவுத்தூசிக்குப் பதில் மரத்தூள்.

அது முன்கூட்டியே சொல்லும்

1. கரகர சத்தம் அல்லது கீச்சென்ற சத்தம்.
2. பேரிங் இருக்கும் கூடு கை வைக்க முடியாத அளவு சூடாவது.
3. மிஷின் அதிர்வது, கிரீஸ் கருத்து வெளியே வழிவது.

சத்தம் மில்லிலா, மோட்டாரிலா? மெயினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, மில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பது போல் இருந்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ மில் பேரிங் போய்விட்டது. அது சுத்தமாகச் சுற்றினால், எல்லோரும் தள்ளி நின்று மோட்டாரை மட்டும் ஓட விட்டுக் கேளுங்கள். இந்தச் சோதனையை நாமே செய்துவிட்டால் "மோட்டாரே போச்சுங்க" என்று யாரும் சுலபமாகச் சொல்ல முடியாது.

எண்ணைப் படிக்கத் தெரியணும்

பேரிங் வளையத்தின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 6205 என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு எண்ணை 5 ஆல் பெருக்குங்கள். 05 × 5 = 25. ஷாஃப்ட் நுழையும் துளை 25 மி.மீ. 6206 என்றால் 30 மி.மீ. (04-க்கு மேல் இந்தக் கணக்கு பொருந்தும்.) வட்டிக் கணக்கு போடும் நமக்கு இது பெரிய கணக்கா? எண்ணோடு பின்னால் இருக்கும் எழுத்துக்களையும் அப்படியே எழுதிக்கொண்டு, முடிந்தால் பழைய பேரிங்கையும் கடைக்கு எடுத்துப் போங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெயரில் போலியும் வருகிறது.

மாற்றும் முறை

- மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கி ஒரு உறுப்பினர் தன் பையிலேயே வைத்திருக்கணும். வேலை முடியும் வரை யாரிடமும் கொடுக்கக் கூடாது. முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலைக் கொண்டை போட்டு, வளையலைக் கழற்றிய பிறகே மிஷின் அருகே போங்கள்.
- கழற்றும் முன் செல்போனில் போட்டோ எடுங்கள். மோட்டார் போல்ட்டைத் தளர்த்திய பிறகே பெல்ட்டை எடுக்கணும்.
- பழைய பேரிங்கைப் புல்லர் போட்டு இழுங்கள். புல்லர் இல்லையென்றால் மெக்கானிக் தம்பியைக் கூப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.
- ஷாஃப்டை மண்ணெண்ணெயில் துடைத்து உலர விடுங்கள். புது பேரிங் கையாலேயே லொடலொடவென்று நுழைந்தால் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. லேத் பட்டறையில் சரி செய்யாமல் போட்டால் புதுசும் நிலைக்காது.
- ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும், அதற்குச் சரியான குழாய்த் துண்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் பாதையில் பள்ளம் போடும். நெருப்பில் நேராகக் காட்டவே கூடாது.
- கூட்டின் உள்ளே இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கிரீஸ் போதும். நிறைய வைத்தால் சூடாகும். இரண்டு பக்கமும் மூடி போட்டு வரும் பேரிங்கில் கிரீஸ் உள்ளேயே இருக்கும்.
- இரண்டு புல்லியும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பெல்ட்டை நடுவில் அழுத்தினால் ஒரு விரல் அகலம் இறங்கணும்.
- பியூஸ் போட்டு, தானியம் கொட்டாமல் 15 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, சுற்றுவது முழுதாக நின்றதும் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி.

ஏன் போனது என்றும் கேளுங்கள்

சுவீடன் நாட்டில் கோதன்பர்க் நகரத்து நெசவாலை ஒன்றில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற பொறியாளர் பராமரிப்பு வேலை பார்த்தார். ஆலை நின்றது களிமண் நிலம். நிலம் இறங்க இறங்க ஷாஃப்ட் கோணி, பேரிங்குகள் கெட்டுக்கொண்டே இருந்தன. அவர் புதுசு வாங்கி மாட்டுவதோடு நிற்கவில்லை. காரணத்தைத் தேடி, ஷாஃப்ட் சாய்ந்தாலும் தானும் சாய்ந்து கொடுக்கும் பேரிங்கை 1907-ல் உருவாக்கினார். நாமும் மில்லின் அடித்தளம் ஆடுகிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். காரணத்தை விட்டுவிட்டு பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே செலவுதான்.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கி, பிறகு சேலத்துக்கு வந்தபோது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. "பொம்பளைங்களுக்கு பேங்குல என்ன வேலை?" என்று கேட்டார்கள். இன்று யாரும் கேட்பதில்லை. "பொம்பளைங்களுக்கு ஸ்பேனர் எதுக்கு?" என்ற கேள்வியும் அப்படித்தான் போகும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் மிஷினில் என்ன எண் பேரிங் இருக்கிறது? யாருக்குத் தெரியும்?
2. கடைசியாக எப்போது மாற்றினோம்? தேதி, எண், விலை, கடை எழுதிய மிஷின் நோட்டு இருக்கிறதா?
3. மாதா மாதம் வருமானத்தில் பழுதுச் செலவுக்கென்று எவ்வளவு ஒதுக்கலாம்?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது கணக்கு நோட்டுக்கு முன்னால் மில் சத்தத்தைத்தான் கேட்பேன்.