போன் ஸ்லோவா? முதல்ல ஸ்டோரேஜைப் பாருங்க!

வெண்ணந்தூர்ல தறி ஓட்டுற எங்க அப்பாவோட போன், வாட்ஸ்அப் திறக்கவே ஒரு நிமிஷம் எடுத்துச்சு. தவணையில புதுசு வாங்கக் கிளம்பிட்டார். செட்டிங்ஸ்ல பார்த்தா 32 ஜிபியில மிச்சம் 400 எம்பி! முழுக்க குட் மார்னிங் படங்கள்.

இந்திய போன்கள் இப்படி நிரம்புறதை கூகுளே கவனிச்சு, 2017 டிசம்பர்ல வந்த ஃபைல்ஸ் கோ ஆப்ல இந்தப் படங்களை அழிக்க வழி வச்சாங்க.

ஏன் ஸ்லோ ஆகுது? ஃப்ளாஷ் மெமரியில பழைய டேட்டா மேலேயே எழுத முடியாது. ஒரு பிளாக்கை மொத்தமா அழிச்சுட்டுத்தான் எழுதணும். இடம் இல்லேன்னா, இருக்கிறதை நகர்த்தி, அழிச்சு, அப்புறம்தான் எழுதும். துணி அடைஞ்சு கிடக்கிற தறிப்பட்டறையில புதுப் பாவு ஏத்துற மாதிரி!

செய்ய வேண்டியவை:

1. முக்கியமான போட்டோக்களை முதல்ல பேக்கப் எடுங்க.
2. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போய் வேண்டாததை அழிங்க. ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்க.
3. பயன்படுத்தாத ஆப்களை நீக்கி, ரீஸ்டார்ட் பண்ணுங்க.

'ரேம் பூஸ்டர்' ஆப் வேண்டாம். அது மூடின ஆப்பை முதல்லேர்ந்து திறக்கத்தான் நேரமும் சார்ஜும் போகும்.

அப்பா போன் இப்ப சட்டுனு திறக்குது. தாத்தாவோட கடைசி போட்டோவும் பத்திரம். தவணைக்கு வச்ச காசு நூலுக்குப் போச்சு.