ஏடு திருத்துமா?

“இனிக் கோபப்படேன்” என்று எத்தனை முறை பிரதிக்கினை செய்து தவறினோம்!

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் வாலிபத்தில் 13 நற்குணங்களைக் குறித்து, தவறும்போதெல்லாம் சிற்றேட்டில் கரும்புள்ளியிட்டார். நினைத்ததிலும் தம் குற்றங்கள் மிகுதியெனக் கண்டார். ஆங்காரமே அடக்குவதற்கு மிக அரிதென்று முதுமையில் எழுதினார்.

அர்ச். இஞ்ஞாசியாரும் ஒரு குற்றத்தை எடுத்துத் தினம் இருமுறை சோதித்துப் புள்ளியிடச் சொல்கிறார். 1548-ல் பாப்பானவர் அங்கீகரித்த அவருடைய ஞான அப்பியாசங்களில் இம்முறை உண்டு. ஆனால் புள்ளிக்கு முன், விழுந்ததை நினைக்கவும் திருந்தவும் சர்வேசுரனிடம் வரப்பிரசாதம் கேட்க வேண்டும்.

புள்ளி நோயைக் காட்டும், குணமாக்காது. சுயமுன்னேற்ற நூல்களின் நல்ல யோசனைகளைத் தள்ள வேண்டாம். ஆயினும் இன்றிரவு ஆத்தும சோதனையில் முதலில் முழந்தாளிடுவோம், பிறகு எழுதுவோம்.