பால்வாடி ஏடும் பெண்மகவும்

சேலம், நாமக்கல் சமவெளியூர்களிற் பால்வாடியைக் காணாதார் நம்முள் இலர். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்வழி நடப்பன அவை. அரசேடுகள் அவற்றை அங்கன்வாடி என்னும். முற்றத்தைக் குறிக்கும் வடபுலச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. மக்கள் வழங்கும் பால்வாடி என்பதிலும் முதற்சொல் குழந்தையையே குறிக்கும். நம்மவரோ அதனைப் பருகும் பாலாகக் கொண்டனர். இது நிற்க.

அங்குச் சேர்ந்த சிறாரின் தொகை எதனைக் காட்டும், எதனை மறைக்கும் என்பதே யாம் ஆராயப் புகுந்தது.

பால்வாடியில் ஏடுகள் பல உள. அவற்றுள் ஒன்று, பணியாளர் வீடுதோறும் சென்று கருவுற்ற மகளிரையும் ஆறாண்டு நிரம்பாத மக்களையும் எழுதிவைக்கும் கணக்கேடு. மற்றொன்று, நாள்தோறும் வந்தமரும் சிறாரைக் குறிக்கும் வருகையேடு. பின்னதை மட்டும் நோக்குவார் பிழைபடுதல் எளிது. ஓரூர்ப் பால்வாடியில் ஆண் பதின்மர், பெண் பதின்மர் எனக் கொள்வோம். ஈடாயின என்று மகிழ்வோம். ஆயின் அவ்வூரினின்று வேனிலேறித் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பிற்குச் செல்வார் ஆண் ஐவர், பெண் இருவர் எனின், ஊரில் உள்ளார் ஆண் 15, பெண் 12. அஃதாவது, ஆண் ஆயிரவர்க்குப் பெண் எண்ணூற்றுவர்! பொருள் செலவிட்டுப் படிப்பிக்க ஆண்மகவை முற்படத் தெரிந்தெடுக்கும் வழக்கம் நம்மிடை உளதாகலின், இது வெறுங்கற்பனை அன்று.

இயற்கைப் பிறப்பில் ஆண் ஆயிரவர்க்குப் பெண் ஏறக்குறைய 950 ஆவர். 2001ஆம் ஆண்டு மக்கட்கணக்கிலோ, சேலம் மாவட்டத்தில் ஆறாண்டுக்குட்பட்ட பெண்மக்கள் ஆயிரவர்க்கு 851 பேரே. மாநிலம் முழுமைக்கும் 942. சேலத்தினின்று 1997இற் பிரிந்த நாமக்கல்லும் 900ஐ எட்டவில்லை. எஞ்சியோர் யாண்டுச் சென்றனர்? பிறந்தவுடன் கொல்லப்பட்டாரும், கருவிலேயே அழிக்கப்பட்டாரும் ஆவர். கைவிடப்படும் பெண்மகவை அரசே ஏற்கும் தொட்டிற் குழந்தைத் திட்டம் 1992இற் சேலத்திலேயே தொடங்கப்பெற்றமை எண்ணத்தக்கது. கருவின் பால் அறிவித்தலைத் தடுக்கும் சட்டம் 1994இற் பிறந்தது. 2011இல் இரு மாவட்டங்களும் 900ஐக் கடந்தன. எனினும், முன்னரே மறைந்தார்க்கு எந்த ஏட்டிலும் ஒரு வரியும் இல்லை.

சேர்க்கையை மாற்றும் காரணங்கள் வேறும் உள. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் ஏழைச் சிறார்க்கெனத் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஒதுக்கிற்று. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கிற்று. மாநிலத்தில் மையங்கள் 54,000க்கு மேற்பட்டனவாதலின், இருபதில் ஒன்றிற்கும் அவ்வாய்ப்பு எய்தவில்லை.

புதிய ஏடு ஒன்றும் வேண்டா. கணக்கேட்டிலிருந்து வருகையேட்டில் இல்லாத பெயர்களை ஆண், பெண் எனப் பிரித்து, ஒவ்வொன்றன் எதிரிலும் எப்பள்ளிக்குச் சென்றது, அல்லது எவ்வூருக்குப் பெயர்ந்தது என்று எழுதுதல் போதும். விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணாக்கர் ஒரு பிற்பகலில் முடிக்கத்தக்க வேலை அது.