வீட்டுத் திரையில் வைத்தியர்: ஒரு செயல்முறைப் பாடம்

தலைநகர்வாழ் தமிழ் அன்பர்களுக்கு 'இ-சஞ்சீவனி' என்ற பெயர் புதிதல்ல. வைத்தியரும் நோயாளியும் அவரவர் இடத்தில் இருந்தபடியே திரையில் பார்த்துப் பேசி, மருந்துச் சீட்டையும் திரையிலேயே பெற்றுக்கொள்ளும் இலவச ஏற்பாடு இது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மொஹாலியில் உள்ள 'ஸி-டாக்' நிறுவனம் உருவாக்கியது. 2019 நவம்பரில் தொடங்கி, 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, பொதுமக்கள் வீட்டிலிருந்தே பயன்படுத்தும்படி விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் இதை மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலம் நம் தமிழ்நாடுதான் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. 2023 பிப்ரவரிக்குள் ஆலோசனைகளின் எண்ணிக்கை 10 கோடியை எட்டிவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று. ஸி.ஜி.எச்.எஸ். அட்டை வைத்திருப்போருக்கென்று 2020 ஆகஸ்ட் 25 முதல் இதே ஏற்பாட்டின் வழியாக நிபுணர்களின் ஆலோசனை தொடங்கப்பட்டது. முதலில் தில்லி வட்டாரத்துக்கு மட்டும், பொது மருத்துவம், எலும்பு, கண், காது-மூக்கு-தொண்டை ஆகிய நான்கு துறைகளில், வேலை நாட்களில் காலை 9 மணி முதல் 12 மணி வரை என்று வைத்தார்கள்.

சரோஜினி நகரில் எங்கள் குடியிருப்பில் பல வீடுகளுக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் ஒரே பேச்சு: "படம் வரவில்லை சார், குரல் வருகிறதே, அது போதாதா?" போதாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவை அதன் பிறகு எளிதாகப் புரியும்.

2020 மார்ச் 25ஆம் தேதி தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. வைத்தியர் எந்த மருந்தை எந்த நிலையில் எழுதலாம் என்பதை அவை பட்டியலிட்டுச் சொல்கின்றன. பாராசிட்டமால், உப்பு-சர்க்கரைக் கரைசல், இருமல் மிட்டாய் போன்றவற்றைக் குரல் மட்டும் கேட்டாலும் எழுதலாம். அடுத்த வகை, படர்தாமரைக்கான களிம்பு, கண் சிவந்து பீளை தள்ளினால் போடும் சொட்டு மருந்து போன்றவை. முதல் தடவை பேசும்போது இவற்றை எழுத வேண்டுமானால், வைத்தியர் நோயாளியைப் படத்தில் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது வகை, அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் நேரில் காட்டியவர்களுக்கு, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேர்த்து எழுதிக் கொடுப்பது. போதைச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையோ, 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்துகளையோ எந்த நிலையிலும் எழுதக் கூடாது.

ஆகவே படம் வராவிட்டால் வைத்தியருக்குக் கை கட்டப்பட்டுவிடுகிறது. பாட்டிக்குக் கண் சிவந்திருக்கிறது என்று நாம் எவ்வளவு விவரித்தாலும், அவர் எழுதக்கூடியது மிகக் குறைவு. 'டாக்டர் ஒன்றுமே எழுதவில்லை' என்று குறைப்படும் வீடுகளில் காமிராவைத்தான் நான் முதலில் பார்ப்பது.

காமிரா பெரும்பாலும் பழுதாகியிருக்காது. அதற்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். தளத்தைத் திறந்ததும் 'காமிராவையும் மைக்கையும் பயன்படுத்தலாமா?' என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். பயந்துபோய் 'பிளாக்' என்பதைத் தொட்டுவிடுவோம். பிரௌசர் அதை மறக்காது. அடுத்த முறை கேட்காமலேயே மூடி வைக்கும். இதற்கு மாற்று: திரையின் மேலே தள முகவரிக்கு இடப்புறம் பூட்டு போன்ற, அல்லது இரண்டு கோடுகளில் இரண்டு குமிழ்கள் போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொட்டு, 'பர்மிஷன்ஸ்' என்ற இடத்தில் காமிரா, மைக்ரோஃபோன் இரண்டையும் 'அலவ்' என்று மாற்றிப் பக்கத்தை மறுபடி திறக்கவும். அப்படியும் வராவிட்டால், போனின் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' வழியாகச் சென்று அந்தப் பிரௌசருக்கே காமிரா அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கதவு உள்ள வீடு மாதிரி; ஒன்றைத் திறந்தால் மட்டும் போதாது.

இன்னொரு காரணமும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டு உள்ளே போகிறார்கள். சில செயலிகள் தமக்குள்ளேயே ஒரு குட்டிப் பிரௌசரில் பக்கத்தைத் திறக்கும்; அங்கே காமிரா கிடைக்காமல் போகலாம். முகவரியை நகல் எடுத்து, முறையான பிரௌசரில் ஒட்டித் திறப்பதே நல்லது. கம்ப்யூட்டராக இருந்தால், வேறு வீடியோ அழைப்பு ஏதாவது காமிராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கென்று தனியாக எதையும் 'இன்ஸ்டால்' செய்யச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஒரு காலத்தில் அசையும் படங்களுள்ள உடல்நலப் பாடங்களைப் பார்க்க 'ஃப்ளாஷ் பிளேயர்' வேண்டியிருந்தது. அடோபி நிறுவனம் அதை 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எந்தப் படமும் ஓடாதபடி தடுத்தும் விட்டது. இன்று 'ஃப்ளாஷை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று எழும்பும் கட்டம் ஏமாற்று வேலை என்றே கொள்ளலாம். இப்போதைய பிரௌசர்கள் படத்தையும் குரலையும் தாமாகவே கையாளும். அரசுத் தள முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். இலவசச் சேவைக்குப் பணம் கேட்பவரிடமும், ஓ.டி.பி. எண்ணைத் தொலைபேசியில் கேட்பவரிடமும் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வைத்தியருக்குத் தெரிவது நிழல்தான். லென்ஸை வேட்டித் தலைப்பால் ஒரு துடை துடைத்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். தோலில் தடிப்பு, வீக்கம் என்றால் ஓடும் படத்தில் அது மங்கலாகவே தெரியும். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, முன்கூட்டியே புகைப்படம் எடுத்துத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். நாணயம் இருந்தால் வீக்கத்தின் அளவு அவருக்குப் புரியும். பழைய ரிப்போர்ட்டுகளையும் அப்படியே ஏற்றலாம். இணைப்பு மெதுவாக இருந்தால் வீட்டில் ஓடும் மற்ற படங்களை நிறுத்தச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கருவி எல்லாம் சரியானபின் வருகிறது நம்முடைய தனிச் சிக்கல். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. திரையில் இருக்கும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நாம். 'மயக்கமா இருக்கு' என்று அம்மா சொன்னால், நாம் யோசிக்காமல் 'சக்கர்' என்றுவிடுகிறோம். தமிழில் தலைசுற்றலும் மயக்கம்தான், நினைவு தப்பி விழுவதும் மயக்கம்தான். வைத்தியருக்கு இரண்டும் வெவ்வேறு நோய்கள். 'சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவே போனதா?' என்று அம்மாவிடம் முதலில் தமிழில் கேட்டுத் தெளிந்துகொண்டு, நினைவு போயிருந்தால் 'பேஹோஷ்' என்று சொல்லுங்கள். படபடப்புக்குக் 'கப்ராஹட்' என்றால் அது மனக்கலக்கத்தையும் குறிக்கும். 'தில் ஜோர் ஸே தடக் ரஹா ஹை' என்றால் ஐயமில்லை. கை கால் மரத்துப்போவதற்கு 'ஸுன்' என்பதே சரி. 'வலி' என்று மாற்றிவிடாதீர்கள். இந்த நாலைந்து சொற்களை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றோடு பக்கத்தில் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். மாத்திரை அட்டையைக் காமிராவுக்கு நேரே பிடித்துக் காட்டுவது அதைவிட நல்லது.

கூட இருந்து பேசுவது சரி, ஆனால் நோயாளியை விட்டுவிட்டுப் பிள்ளை மட்டும் அலுவலகத்திலிருந்து பேசுவது அவ்வளவு சுலபமில்லை. குழந்தைகளுக்கும், தாமாகச் சொல்லும் நிலையில் இல்லாதவர்களுக்கும் விலக்கு உண்டு. மற்ற பெரியவர்கள் உடன் இல்லாவிட்டால், அவர்கள் சார்பில் பேச முறையான அங்கீகாரமோ, உறவைக் காட்டும் சரிபார்க்கப்பட்ட ஆவணமோ போன்ற ஏதாவது வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, நாம் பக்கத்தில் உட்காருவதே முறை.

ஒன்றை மட்டும் திரைக்குக் கொண்டுவரவே கூடாது. நெஞ்சு அழுத்துகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் 'வாயுவாக இருக்கும்' என்று டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். தில்லியில் 102, அல்லது எங்கிருந்தும் 112. சரோஜினி நகர்வாசிகளுக்கு சஃப்தர்ஜங்கும் எய்ம்ஸும் கூப்பிடு தூரம்தானே.

பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு பி.டி.எஃப். கோப்பாக வரும். பக்கத்தை மூடுவதற்கு முன் அதைப் போனில் இறக்கிவிடுங்கள். நோயாளியின் பெயர், வயது, தேதி, வைத்தியரின் பதிவு எண் இருக்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். பதிவு எண் இல்லாத சீட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஸி.ஜி.எச்.எஸ். வழியாகப் பேசியவர்கள் அந்தச் சீட்டோடு தங்கள் டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து வாங்கிக்கொள்ளலாம். அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.