எதோ காலச் சப்பானில் டச்சு மொழி கற்றல்: சொல்லிலிருந்து தொடருக்கு

முன்னுரை

ஒரு மொழியை அதனைப் பேசுவோரின் துணையின்றி நூல்வழியாக மட்டுமே கற்க இயலுமா என்பது மொழிக்கல்வி ஆய்வின் நிலைத்த வினாக்களுள் ஒன்று. இதற்கு 18, 19ஆம் நூற்றாண்டுச் சப்பானில் டச்சு மொழி கற்கப்பட்ட வரலாறு தக்க சான்றாகிறது. 1641 முதல் ஐரோப்பியருள் டச்சு வணிகர் மட்டுமே நாகசாகியின் தெஜிமா தீவில் தங்க இசைவு பெற்றிருந்தனர். அவர்களோடு பேசும் வாய்ப்பு பரம்பரை மொழிபெயர்ப்பாளர் குடும்பங்களுக்கே பெரிதும் உரியதாயிற்று. எதோ நகர (இன்றைய தோக்கியோ) மருத்துவர்களோ நூலையே ஆசிரியராகக் கொள்ள நேர்ந்தது. இவ்விரு சாராரின் கற்றல் முறைகளையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

சொல்வழிக் கற்றல்

1771இல் எதோவில் உடற்கூறாய்வு ஒன்றைக் கண்ட சுகிதா கென்பாக்கு, மயேனோ ரியோதாக்கு முதலிய மருத்துவர்கள், குல்முஸ் என்னும் செருமானியர் இயற்றிய நூலின் டச்சுப் பெயர்ப்பிலுள்ள படங்கள் உண்மையோடு பொருந்துவதை உணர்ந்தனர். அதனை மொழிபெயர்க்கவும் துணிந்தனர். அவர்களுள் மயேனோ ஒருவரே ஓரளவு டச்சு அறிந்தவர். புருவத்தை வரையறுக்கும் எளிய தொடர் ஒன்று நெடும்பகல் முழுவதும் விளங்காதிருந்ததாகவும், பொருள் புலப்படாத சொற்களுக்கு வட்டத்துள் சிலுவைக் குறியிட்டு மேற்சென்றதாகவும் சுகிதா 1815இல் எழுதிய நினைவுக் குறிப்பு கூறும். நாற்பதாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டமையால் அதன் விவரங்கள் அனைத்தையும் நேர்ச்சான்றாகக் கொள்ளலாகாது. மூக்கைப் பற்றிய பகுதியில் வருவதாக அவர் விரித்துரைக்கும் சொல் மூலநூலின் அவ்விடத்தில் இல்லை என்பது இதனை உணர்த்தும். எனினும் படத்தையே உரையாகக் கொண்டு சொற்பொருள் துணிந்த முறை ஐயத்திற்கிடமற்றது.

1774இல் வெளிவந்த ‘கைதாய் ஷின்ஷோ’ என்னும் அப்பெயர்ப்பு மூவகை மொழிபெயர்ப்பைச் சுட்டுகிறது. எலும்பு போன்றவற்றிற்கு வழக்கிலுள்ள சொல்லை ஆளுதல் முதல்வகை. குருத்தெலும்பிற்கு ‘மென்னெலும்பு’ எனப் பொருள்தரும் புதுச்சொல் படைத்தல் இரண்டாம் வகை. சுரப்பியைக் குறிக்கும் ‘கிளீர்’ என்னும் டச்சுச் சொல்லை ஒலிபெயர்த்தல் மூன்றாம் வகை. ஒலிபெயர்த்த இச்சொல்லுக்கு ஈடாக உதகாவா கென்ஷின் பின்னர்ப் புதிய எழுத்தொன்றையே உருவாக்கினார். எனவே இங்குக் கற்றலும் கலைச்சொல்லாக்கமும் ஒரே செயலின் இரு கூறுகளாயின.

தொடர்வழிக் கற்றல்

சொல்லறிவு பெருகியும் தொடரறிவு பின்தங்கியது. தமிழைப் போலவே சப்பானிய மொழியிலும் வினைமுற்று தொடரிறுதியில் நிற்கும். டச்சு மொழியிலோ தலைமைத் தொடரில் வினைமுற்று இரண்டாம் இடத்திலும், சார்புத் தொடரில் இறுதிப் பகுதியிலும் அமையும். சீன நூல்களைச் சொல்வரிசை மாற்றிப் படித்துப் பழகிய சப்பானியர், டச்சுத் தொடரையும் சொல்லுக்குச் சொல் பொருளெழுதி வரிசை மாற்றினர். வினைவடிவம், காலம், உறவு ஆகியவை இம்முறையில் எளிதில் மறைந்தன.

இக்குறையை நீக்கியவர் நாகசாகி மொழிபெயர்ப்பாளர் மரபில் வந்த ஷிசுகி ததாவோ (1760–1806). அப்பணியினின்று விலகி, டச்சு இலக்கண நூல்களைப் பயின்று, சொல்வகைகளையும் வினைவடிவங்களையும் முறைப்பட விளக்கினார். அவர் மாணவர் பாபா சாஜூரோ 1808இல் எதோ சென்றபின் அவ்விலக்கண அறிவு தலைநகரிலும் பரவியது.

பள்ளிவழிக் கற்றல்

ஓகாதா கோவான் 1838இல் ஒசாகாவில் நிறுவிய தெகிஜுகு பள்ளியில் இவ்விரு மரபும் இணைந்தன. புதிய மாணவர் முதலில் இலக்கணமும் தொடரியலும் கற்றனர். பின்னர்ப் பிறர் துணையின்றி நூற்பகுதிக்குப் பொருள் கண்டு, குழு வாசிப்பில் போட்டியிட்டனர். தெஜிமா வணிகத் தலைவர் தூஃப் தொடங்கிய அகராதியின் படியைக் காண அதற்கென்றிருந்த அறையில் மாணவர் நெருங்கினர். அங்குப் பயின்ற ஃபுகுசாவா யுகிச்சி 1859இல் யோக்கோகாமா சென்றபோது தம் டச்சு அறிவு அங்குப் பயன்படாமை கண்டார். ஆயினும் ஆங்கிலம் கற்க அவ்வறிவே துணையாயிற்று.

முடிவுரை

நூல்வழிக் கற்றல் இயலும் என்பதை மருத்துவர்களின் முயற்சி காட்டுகிறது. அதன் எல்லையை இலக்கணத்தின் வருகை காட்டுகிறது. டச்சுக் கல்வியின் தொடக்கத்தை எதோ மருத்துவர்க்கே உரித்தாக்கும் பார்வை பெரிதும் சுகிதாவின் குறிப்பால் வலுப்பெற்றது. பேச்சுத் தொடர்பில் வளர்ந்த நாகசாகி மொழிபெயர்ப்பாளரின் பங்கை அதனோடு ஒருங்கு வைத்து மதிப்பிடுவதே முறையாகும்.