விரிசல் கண்ட திரையும் பரண் ஏறிய மடிக்கணினியும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

மடிக்கணினி நகரத்தாரின் உடைமை என்று எண்ணிய காலம் போய்விட்டது. மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அவர்கள் தொடங்கிவைத்தது நம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். அதன் பின்னர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களிலும் இக்கருவியை அறியாத சிற்றூர் இல்லை எனலாம். 526 கிராம ஊராட்சிகளின் கணக்கும் இன்று கணினி வழியாகவே பதிவாகின்றது. ஆயினும் ஊர்களில் சென்று விசாரித்தால், பல வீடுகளில் அக்கருவி பரண்மேல் கிடப்பதைக் காணலாம். காரணம் கேட்டால், “டிஸ்ப்ளே உடைஞ்சு போச்சுங்க” என்பார்கள். கருவியின் மற்ற உறுப்புகள் யாவும் நல்ல நிலையில் இருக்க, திரை ஒன்று உடைந்ததற்காக முழுவதையும் கைவிடுவது எதனால்? செப்பனிடக் கேட்கும் தொகையே காரணம்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் நான் பணியாற்றியபோது, ஒரு தாயும் மகளும் அலுவலகத்துக்கு வந்தனர். மகள் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு மாணவி. அவளுடைய அண்ணன் பள்ளியில் பெற்ற மடிக்கணினியை அவள் பயன்படுத்தி வந்தாள். புறநகர் ரயிலில் நெரிசலில் பை நசுங்கித் திரையில் விரிசல் கண்டுவிட்டது. நகரத்துச் சேவை நிலையம் ஒன்றில், பார்த்துச் சொல்வதற்கே 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, செலவு 11,800 ரூபாய் ஆகும் என்றார்களாம். செய்முறைத் திட்ட அறிக்கையை ஒப்படைக்க மூன்று வாரமே இருந்தது. தாயாரோ நூறு நாள் வேலைக்குச் செல்பவர். 2025-26 ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்த விகிதப்படி, கேட்ட தொகை 35 நாள் உழைப்புக்கும் சற்று அதிகம். காதில் கிடந்த தோட்டை அடகு வைப்பதா, படிப்பை ஓராண்டு தள்ளுவதா என்பதே அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி. அரசில் ஏதேனும் உதவித்தொகை கிடைக்குமா என்றுதான் வந்திருந்தனர்.

உதவித்தொகை எதுவும் என் கையில் இல்லை. அதைவிட வேறொன்று என்னை உறுத்திற்று. அதற்கு முந்திய ஆண்டில், ஓர் ஊராட்சி அலுவலகத்தின் கணினி இதேபோல் திரை உடைந்து வந்தபோது, ஒரே ஒரு விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, “பழுது நீக்க இயலாதது” என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டவன் நான். அது சரியான குறிப்புத்தானா என்று அன்று நான் விசாரிக்கவில்லை.

திரையை ஏன் ஒட்ட முடியாது?

நமது பம்புசெட்டில் ஃபுட்வால்வு கெட்டால் அதை மட்டும் மாற்றுகிறோம். மோட்டாரில் காயில் எரிந்தால் காயில் கட்டுகிறோம். ஒவ்வொரு உறுப்பும் தனியே கழலும்படி அமைந்திருப்பதே அதற்குக் காரணம். மடிக்கணினித் திரை அவ்வாறானதன்று. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அவற்றினிடையே மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத இடைவெளி. அதனுள் திரவப்படிகம் என்னும் பொருள். (திண்மமும் அல்லாத, முழுத் திரவமும் அல்லாத இப்பொருளின் விந்தையை 1888 இல் முதலில் கவனித்தவர் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலாளர் ரைனிட்சர். அவர் ஆராய்ந்தது கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை என்பது உழவர்களுக்குச் சுவையான செய்தியாகும்.) சாதாரண மடிக்கணினித் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 என்ற கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறக் கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நுண்ணிய மின் கதவு. கண்ணாடி விரிந்தால் திரவம் கசிகிறது, மின் வழிகள் அறுகின்றன. இதை ஒட்டுவதற்குப் பசை இல்லை. பேனல் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் பேனலை மாற்றுவது வேறு. மூடி முழுவதையும் மாற்றுவது வேறு. செலவு பெருகும் இடம் இதுவே. பல நிறுவனங்களின் சேவை நிலையங்கள் பேனலைத் தனியே விற்பதில்லை. மேல்மூடி, கீல், ஓரச் சட்டம், கம்பி, பேனல் யாவும் சேர்ந்த ஒரே தொகுதியாகவே விலை போடுகின்றன. பேனல்கள் பெரும்பாலும் சீனா, தைவான், தென்கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வருபவை. வழியில் உடையும் சரக்கு அது. அந்தச் சேதத்தின் செலவும் விலையிலேயே அடங்கும். இவற்றின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. தொடுதிரையாயின் மேற்கண்ணாடியும் பேனலும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால் விலை இன்னும் ஏறும். கீழே விழுந்தும் நசுங்கியும் ஏற்படும் சேதத்தைச் சாதாரண உத்தரவாதம் ஏற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

செய்யத்தக்கவை

முதலில், உள்ளே இருப்பது நலமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியால் மடிக்கணினியை ஒரு புதிய தொலைக்காட்சியுடன் இணைத்தால் போதும். அதில் படம் தெளிவாகத் தெரிந்தால் இயந்திரம் நலம், திரைமட்டுமே பழுது என்று பெரும்பாலும் கொள்ளலாம். (2006 முதல் அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியில் இதற்கான துளை இராது. அதைக் கொண்டு முயன்று கருவியைப் பழிக்க வேண்டாம்.) கோப்புகளையும் அப்போதே வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளலாம். மேசையைவிட்டு நகராத ஊராட்சி அலுவலகக் கணினிக்கு, பழைய மானிட்டர் ஒன்றை இணைத்து அப்படியே வேலையைத் தொடர்வதும் உண்டு. பார்க்க அழகாக இராது, பற்றுச்சீட்டு அச்சாகும்.

அடுத்து, பேனலின் எண். திரையைக் கழற்றினால் அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் காணப்படும். எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் அதில் இருக்கும். மடிக்கணினியின் பெயரைவிட இந்த எண்ணே முக்கியம். ஏனெனில் ஒரே அளவு பேனல் பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொருந்தும். அகலம், புள்ளிக் கணக்கு, பின்புற இணைப்பில் 30 ஊசியா 40 ஊசியா, திருகு மாட்டும் காதுகள் எங்குள்ளன, இவை ஒத்திருந்தால் போதும். மின்கலத் தொடர்பைத் துண்டிக்காமல் திரையைக் கழற்றினால் தாய்ப்பலகை கெடக்கூடும். ஆகவே வீட்டில் திருப்புளியுடன் அமர்வதைவிடப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே நலம்.

அந்த மாணவியின் கருவிக்கு நாங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மூன்று கடைகளில் கேட்டுவரச் சொன்னோம். மூன்றும் மூன்று விலை. முடிவில் புதிய பேனலும் கூலியும் சேர்த்து 4,200 ரூபாய்க்கு வேலை முடிந்தது. இதைவிடக் குறைவாகக் கேட்டவர் வேறொரு கருவியிலிருந்து கழற்றிய பழைய பேனலைப் போட இருந்தார். ரசீதும் தர மறுத்தார். ரசீதும் சில மாத உத்தரவாதமும் இல்லாத மலிவு விலையை நாடாதிருப்பது நல்லது. குறை நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் முறையிடவும் ரசீது தேவைப்படும்.

உதிரிப்பாகங்களை நியாய விலையில் தரச்செய்வது பற்றிப் பல அரசுகள் இப்போது கவனம் செலுத்துகின்றன. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி விற்பவர், அதைச் செப்பனிடுவது எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணையும் காட்டியாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 இல் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கிற்று.

திரை உடையாமல் காப்பதில் பெரிய வித்தை ஏதுமில்லை. விசைப்பலகைமேல் பேனாவை வைத்தபடி மூடுவதும், மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பதும், சாப்பாட்டுத் தூக்கையும் கணினியையும் ஒரே பையில் திணிப்பதுமே நான் கண்ட சேதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். உடைந்த பழைய பேனலைக் குப்பையுடன் எரிக்கக் கூடாது. மின்னணுக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

4,200 ரூபாயில் ஒரு பகுதியைத் தாயார் தம் மகளிர் சுய உதவிக் குழுவில் கடனாகப் பெற்றார். அறிக்கை உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. நான் முன்பு கழித்துக் கட்டிய ஊராட்சிக் கணினியைத் தேடியபோது, அது ஏற்கெனவே ஏலத்தில் பழைய இரும்போடு போய்விட்டிருந்தது. அதன் பிறகு, பழுதுக்கு வரும் ஒவ்வொரு கணினியின் பேனல் எண்ணையும் இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிவைக்குமாறு ஊராட்சிச் செயலர்களைக் கேட்டுக்கொண்டுள்ளேன். விலைப்பட்டியல் மூன்றுக்குக் குறைந்து வரும் கோப்பில் நான் கையொப்பமிடுவதில்லை.