புள்ளியும் கோடும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எலவனாசூர்க்கோட்டை என்னும் ஊர் உள்ளது. மார்கழித் திங்களின் வைகறைப் பொழுதில் அவ்வூர்த் தெருவொன்றில் நடந்து செல்வோமாயின் இனியதொரு காட்சியைக் காணலாம். பெண்கள் வாயிலைப் பெருக்கிச் சாணநீர் தெளிக்கின்றனர். ஈரம் உலருமுன் மாவை விரல்களால் எடுத்து வரிசை வரிசையாகப் புள்ளி வைக்கின்றனர். பின்னர்ப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு நெளிந்து சென்று, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கின்றது. நடுவே சாண உருண்டையின்மேல் பூசணிப் பூவொன்று அமர்ந்துவிடுகின்றது.

இக்கோலத்தினுள் கணக்கு ஒன்று ஒளிந்துள்ளது. நெடுக்கே நான்கும் குறுக்கே மூன்றுமாக நேர்ப்புள்ளி வைத்து, நெளிக்கோலம் இட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே எங்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்ல வேண்டும். விளிம்பில் மட்டுமே கோடு திரும்ப வேண்டும். கோலம் முழுவதும் ஒரே கோட்டில் முடிந்துவிடும். நெடுக்கே நான்கு, குறுக்கேயும் நான்கு என வைத்தாலோ, தனித்தனியே நான்கு கோடுகள் இட நேரும். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதுவே கோடுகளின் எண்ணிக்கை. நம் பாட்டியருட் பலர் இப்பெயரைக் கேட்டிரார். ஆயினும் அவர்தம் விரல்கள் அவ்விதியை அறியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி முதலிய அறிஞர்கள், கோல வடிவங்களைக் கணிப்பொறி இலக்கணத்தால் விளக்கி 1974இல் கட்டுரை வெளியிட்டனர்.

மேலை நாட்டிலும் இதற்கு உறவான கலை ஒன்று உண்டு. ஓவியத்தைச் சட்டத்துள் அடைக்காமல், ஓர் இடத்தையே கலைப்பொருளாக அமைப்பதை நிறுவல் கலை என்பர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கலைஞருட் சிலர் கூடங்களை விட்டு வெட்டவெளிக்குச் சென்றனர். வால்டர் டி மரியா என்னும் அமெரிக்கர் 1977இல் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பாழ்வெளியில் 400 எஃகுக் கம்பங்களை நட்டார். வரிசைக்கு 25 கம்பங்கள், வரிசைகள் 16, கம்பத்திற்கும் கம்பத்திற்கும் இடையே 220 அடி. நிலம் மேடுபள்ளமாயினும் நுனிகள் யாவும் ஒரே மட்டத்தில் நிற்கும். 'மின்னல் வெளி' என்பது அதன் பெயர். காலையிலும் மாலையிலும் கம்பங்கள் ஒளிர்வதும், உச்சிப்பொழுதில் கண்ணுக்கு மங்குவதும், என்றோ ஒருநாள் மின்னல் பாய்வதும் அப்படைப்பின் பகுதிகளே. ஒரு மைல் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் உடைய இப்புள்ளிகளைச் சுற்றிக் கோடு இட்டவர் எவருமிலர். நம்மூர்ப் பெண்ணொருத்தி இடத் தொடங்கினால், 25க்கும் 16க்கும் பொதுக் காரணி ஒன்றேயாதலின், ஒரே கோட்டில் முடித்துவிடுவாள்!

ராபர்ட் சுமித்சன் என்பவர் 1970இல் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியில், கருங்கற்களால் 1,500 அடி நீளமுள்ள சுருள் வடிவக் கரை ஒன்றை அமைத்தார். சில ஆண்டுகளில் ஏரி உயர்ந்து அதனை விழுங்கிற்று. சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து நீர் வற்றியபோது, உப்புப் படிந்து வெண்ணிறமாய் வெளிப்பட்டது.

வடிவத்தை மனிதர் வகுக்க, எஞ்சிய வேலையை ஒளியும் நீரும் உப்பும் செய்தன. நம் வாயிலில் அவ்வேலையைச் செய்வன எறும்பும் அணிலும் ஆகும். அரிசி மாவால் இட்ட கோலம் அவற்றிற்கு உணவு. மாலைக்குள் பாதி மறையும், மறுநாள் வேறொரு கோலம் பிறக்கும். இன்றோ பல வீடுகளில் அரிசி மாவின் இடத்தை வெள்ளைக்கல்லைப் பொடித்த மாவு பெற்றுவிட்டது. அதன் விலையும் குறைவு, கோடும் சீராக விழும், குறை கூறுதற்கில்லை. ஆனால் எறும்பு அதனை நாடாது. சிமெண்டுத் தரையில் ஒட்டும் தாள் கோலமோ நாட்பட அப்படியே கிடக்கும். புள்ளிக் கணக்கு அதிலும் பிழையின்றி இருக்கின்றது. எனினும் அதனைக் கோலத்தின் படம் என்றே நான் கூறுவேன்.

பச்சரிசி மாவால் கோலமிட்ட வாயில் ஒன்றை வெயில் ஏறியபின் சென்று பாருங்கள். எறும்புகள் கோட்டின்வழியே நிரையாக நடந்து, மாவைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு வளைவாக அழித்துச் செல்லும்.